கோப்பையை விடுங்க, அணிப் பட்டியலைப் பாருங்க: அமெரிக்கக் கல்லூரி பேஸ்பால் தேர்வில் எந்த எண் உண்மை பேசும்?

அமெரிக்கப் பள்ளி அணிகளில் பேஸ்பால் ஆடும் மாணவர்கள் சுமார் 4.7 லட்சம் பேர். என்சிஏஏ எனப்படும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் கீழ் உள்ள அணிகளில் 40 ஆயிரம் பேருக்குக்கூட இடம் கிடையாது. கணக்குப் போட்டால், பள்ளியில் ஆடும் நூறு பேரில் ஏழெட்டுப் பேர்தான் அந்தக் கதவுக்குள் நுழைகிறார்கள்.

நுழைபவர்களைக் கல்லூரிகள் சும்மா எடுப்பதில்லை. பையன் 60 கெஜத்தை எத்தனை நொடியில் ஓடுகிறான், அவன் அடித்த பந்து எத்தனை மைல் வேகத்தில் மட்டையை விட்டுப் போகிறது, எறியும் பந்து நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல்கிறது என்று எல்லாமே அளக்கப்படுகிறது. ரேப்சோடோ, டிராக்மேன் போன்ற கருவிகள் இந்த வேலையைச் செய்கின்றன. 16 வயதுப் பையனைப் பற்றிய தகவல் ஒரு எக்செல் கோப்பு நிறைய இருக்கும்.

ஆனால் அந்தப் பையன் கல்லூரியை எப்படித் தேர்ந்தெடுக்கிறான்? ஜெர்ஸி நிறம், டிவியில் பார்த்த மேட்ச், புதிதாகக் கட்டிய மைதானம், "உங்க பையனை எங்க குடும்பத்துல ஒருத்தனா பார்த்துப்போம்" என்று கோச் சொல்லும் ஒரு வாக்கியம். பெரும்பாலான குடும்பங்களிடம் இவ்வளவுதான் இருக்கிறது. ஒரு பக்கம் தராசும் படிக்கல்லும், இன்னொரு பக்கம் வெறும் நம்பிக்கை. இது சமமான பேரம் இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், கல்லூரிகளை ஒப்பிடத் தேவையான தகவலில் பெரும்பகுதி ரகசியமே அல்ல. பொதுவெளியில், இலவசமாகக் கிடக்கிறது. பிரச்சினை, குடும்பங்கள் பார்க்கும் எண்கள் தவறான எண்களாக இருப்பதுதான்.

பேஸ்பாலும் எண்களும்: பழைய உறவு

கிரிக்கெட்டில் சராசரி, ஸ்ட்ரைக் ரேட் என்று பேசுவதைப் போலப் பல மடங்கு எண் பைத்தியம் பிடித்த ஆட்டம் பேஸ்பால். மைக்கேல் லூயிஸ் 2003-ல் எழுதிய 'மணிபால்' புத்தகமும், அதை வைத்து 2011-ல் பிராட் பிட் நடித்து வந்த படமும் இந்த விஷயத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோயின.

படம் பார்த்தவர்களில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பில்லி பீனின் ஓக்லாண்ட் அணி 2002 டிராஃப்டில் கல்லூரி வீரர்களைக் குறிவைத்ததற்குக் காரணம், அவர்களின் எண்களை ஓரளவு நம்ப முடிந்தது என்பதுதான். பள்ளி அணிகளில் எதிராளியின் தரம் ஊருக்கு ஊர் மாறும். அதனால் அந்த எண்களை வைத்து எதிர்காலத்தைக் கணிப்பது கஷ்டம். கல்லூரியில் போட்டி பரவாயில்லை, ஆட்டங்களும் அதிகம்.

அதாவது கல்லூரி வீரர்களை எண்களால் எடை போடும் வழக்கத்துக்கு 20 வயதைத் தாண்டிவிட்டது. கல்லூரிகளை வீரர்கள் எண்களால் எடை போடும் வழக்கம்தான் இன்னும் சரியாக வரவில்லை.

இப்போது ஏன் இது அவசரம்?

மூன்று மாற்றங்கள் அடுத்தடுத்து வந்தன.

முதலாவது, டிரான்ஸ்பர் போர்ட்டல். 2018-ல் தொடங்கிய இந்த முறையில் ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாற விரும்பும் வீரர் தன் பெயரைப் பதிவு செய்யலாம். 2021-லிருந்து பேஸ்பால் வீரர்கள் ஒருமுறை ஓராண்டு காத்திருக்காமலே மாறலாம் என்றானது. 2024-ல் படிப்புத் தகுதி இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றாகிவிட்டது. கோச்சுகளுக்கு இது வசதி. 18 வயதுப் பையனை எடுத்து மூன்று வருஷம் வளர்ப்பதைவிட, வேறு கல்லூரியில் ஏற்கெனவே அடித்து நிரூபித்த 21 வயதுக்காரரைக் கொண்டுவரலாம்.

இரண்டாவது, டிராஃப்ட் சுருங்கியது. தொழில்முறை அணிகள் ஆண்டுதோறும் புது வீரர்களை எடுக்கும் எம்எல்பி டிராஃப்ட் 2019 வரை 40 சுற்றுகள். கொரோனா ஆண்டான 2020-ல் 5 சுற்றுகள். 2021 முதல் 20 சுற்றுகள். முன்பு பின்வரிசைச் சுற்றுகளில் தொழில்முறைக்குப் போயிருக்கக்கூடியவர்களும் இப்போது கல்லூரி வாசலில் நிற்கிறார்கள்.

மூன்றாவது, 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புதல் அளித்த 'ஹவுஸ்' வழக்குச் சமரசம். அதற்கு முன் டிவிஷன் 1 அணி ஒன்றுக்கு 11.7 முழு உதவித்தொகைகள்தான் அனுமதி. அதைப் பல பேருக்குப் பிரித்துத் தரலாம். சமமாகப் பிரித்தால் ஆளுக்குப் பாதிகூட வராது. இப்போது சமரசத்தில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அந்த உச்சவரம்பு இல்லை. ஆனால் அணியில் 34 பேருக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. பணம் இருக்கும் கல்லூரி 34 பேருக்கும் முழு உதவித்தொகை தரலாம். இல்லாத கல்லூரி பழையபடியே பிய்த்துக் கொடுக்கும்.

மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். இடம் குறைந்திருக்கிறது, போட்டியாளரின் வயது கூடியிருக்கிறது, கல்லூரிகளுக்கு இடையிலான பண இடைவெளி பெருகியிருக்கிறது. இந்த நேரத்தில் 17 வயதுப் பையன் தவறான கல்லூரியைத் தேர்ந்தெடுத்தால் ஓராண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, போர்ட்டலில் பெயரைப் போட்டுவிட்டு, யாராவது கூப்பிடுவார்களா என்று காத்திருக்க வேண்டியதுதான்.

'இத்தனை பேரை எம்எல்பிக்கு அனுப்பியிருக்கோம்'

கல்லூரிகள் முதலில் நீட்டும் எண் இதுதான். கேட்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் இதைவிடக் குழப்பமான எண் வேறில்லை.

பால் ஸ்கீன்ஸை எடுத்துக்கொள்வோம். 2023-ல் எல்எஸ்யூ எனப்படும் லூசியானா ஸ்டேட் பல்கலைக்காக 209 பேட்டர்களை ஸ்டிரைக்அவுட் செய்தார். அணி தேசிய சாம்பியன் ஆனது. டிராஃப்டில் நாட்டிலேயே முதல் ஆளாக எடுக்கப்பட்டார். அதே அணியின் டிலன் க்ரூஸ் இரண்டாவது ஆள். ஒரே கல்லூரியிலிருந்து முதல் இரண்டு இடங்களும் போனது அதுவே முதல்முறை.

எல்எஸ்யூவின் கணக்கில் ஸ்கீன்ஸ் 'எங்க ஆளு'. ஆனால் அவர் அங்கே ஆடியது ஒரே ஒரு சீசன். அதற்கு முன் இரண்டு சீசன் கொலராடோவில் உள்ள விமானப்படை அகாடமியில் பந்தும் எறிந்து, கேட்ச்சராகவும் நின்று, பேட்டும் பிடித்தார். அவரை உருவாக்கிய பெருமையில் அகாடமிக்கு எவ்வளவு, எல்எஸ்யூவுக்கு எவ்வளவு? டிராஃப்ட் பட்டியல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது. கடைசியாகப் போட்டிருந்த ஜெர்ஸியின் பெயரை மட்டும்தான் அது எழுதும்.

இன்னொரு பக்கம், வாண்டர்பில்ட் பல்கலை. டேவிட் பிரைஸ் 2007-லும், டான்ஸ்பி ஸ்வான்சன் 2015-லும் டிராஃப்டில் முதல் ஆளாகப் போனார்கள். இருவரையும் பள்ளி முடித்தபோதே தொழில்முறை அணிகள் டிராஃப்டில் எடுத்திருந்தன: பிரைஸை 19-வது சுற்றில், ஸ்வான்சனை 38-வது சுற்றில். அங்கே போகாமல் கல்லூரிக்கு வந்தார்கள். பின்வரிசையில் இருந்தவர்கள் முதல் இடத்துக்கு உயர்ந்தது கல்லூரிக்குப் பெருமைதான், மறுக்க முடியாது. அதே நேரம், தொழில்முறைத் தேர்வாளர்களின் கண்ணில் ஏற்கெனவே பட்டவர்கள்தான் அந்தக் கல்லூரிக்கு வருகிறார்கள் என்பதும் உண்மை. யார் கண்ணிலும் படாத ஒரு பையனுக்கு அங்கே என்ன நடக்கும் என்பது வேறு கேள்வி.

சின்னக் கல்லூரிகளிலும் கதைகள் உண்டு. ஃபுளோரிடாவில் உள்ள ஸ்டெட்சன் பல்கலையிலிருந்து கோரி க்ளூபர், ஜேக்கப் டிக்ரோம் என இரண்டு பேர் வந்தார்கள். இருவரும் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை ஆளுக்கு இரண்டு முறை வாங்கியவர்கள். டிக்ரோம் கல்லூரியில் பெரும்பாலும் ஷார்ட்ஸ்டாப் நிலையில் ஆடியவர். 2010 டிராஃப்டில் 9-வது சுற்றில்தான் எடுக்கப்பட்டார். இதை வைத்து 'ஸ்டெட்சனுக்குப் போனால் சை யங் நிச்சயம்' என்று யாராவது சொன்னால் அதுவும் தப்பு. ஜெயித்தவர்களின் படம் சுவரில் தொங்கும். அதே அணியில் ஆடிவிட்டு ஊருக்குத் திரும்பியவர்களின் படம் எங்கேயும் தொங்காது.

ஆக, டிராஃப்ட் எண்ணைப் பார்த்தால் கூடவே மூன்று விஷயங்களைக் கேட்க வேண்டும். எத்தனை பேரில் இத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேர் பள்ளியிலேயே பிரபலம்? எத்தனை பேர் வேறு கல்லூரியிலிருந்து போர்ட்டல் வழியே வந்தவர்கள்? இந்த மூன்றையும் கழித்த பிறகு மிஞ்சும் எண்தான் அந்தக் கல்லூரியின் வளர்க்கும் திறன்.

அணியின் ரெக்கார்டு ஏன் ஏமாற்றும்?

அடுத்தது வெற்றி–தோல்விக் கணக்கு. வழக்கமான சீசனில் ஒரு அணிக்கு 56 ஆட்டங்கள். சமபலமுள்ள அணிகளோடு ஆடும் ஒரு அணி 28 வெற்றி பெறும் என்று வைத்துக்கொள்வோம். வெறும் அதிர்ஷ்டத்தாலேயே இந்த எண் நான்கு வெற்றி மேலேயோ கீழேயோ போவது சர்வ சாதாரணம். எனவே 32 வெற்றி பெற்ற அணி 28 வெற்றி பெற்ற அணியைவிடச் சிறந்தது என்று ஒரு சீசனை வைத்துச் சொல்வது, நாணயத்தைச் சுண்டிவிட்டு ஜோசியம் பார்ப்பது மாதிரி.

யாரோடு ஆடினார்கள் என்பது இன்னும் முக்கியம். இதற்காக நெடுங்காலமாகப் பயன்பட்டு வரும் அளவுகோல் ஆர்பிஐ. இதில் ஒரு அணியின் சொந்த வெற்றி விகிதத்துக்கு 25 சதவீதம்தான் மதிப்பு. எதிரணிகளின் வெற்றி விகிதத்துக்கு 50 சதவீதம், அந்த எதிரணிகளின் எதிரணிகளுக்கு மீதி 25 சதவீதம். அதாவது முக்கால்வாசி மதிப்பெண் 'நீ யாரோடு சேர்ந்தாய்' என்பதற்கு.

இங்கே பூகோளமும் விளையாடுகிறது. சீசன் பிப்ரவரி நடுவிலேயே தொடங்கிவிடும். அப்போது வடமாநிலங்களில் மைதானத்தின் மேல் பனி கிடக்கும். அதனால் வடக்குக் கல்லூரிகள் முதல் சில வாரங்கள் தெற்கே பஸ்ஸிலும் விமானத்திலும் போய் வெளியூர் மைதானத்தில்தான் ஆட வேண்டும். தெற்குக் கல்லூரி சொந்த மண்ணில், சொந்த ரசிகர்கள் முன் ஆடும். இந்த அநியாயத்தைக் குறைக்கத்தான் 2013 முதல் பேஸ்பால் ஆர்பிஐ கணக்கில் வெளியூர் வெற்றி 1.3 ஆகவும், உள்ளூர் வெற்றி 0.7 ஆகவும் எண்ணப்பட்டது. அப்படியும் வடக்கே இருக்கும் ஒரு கல்லூரியின் ரெக்கார்டையும் டெக்சஸ் கல்லூரியின் ரெக்கார்டையும் பக்கத்தில் வைத்து அப்படியே ஒப்பிட முடியாது.

மைதானமும் பொய் சொல்லும்

பிட்சர்களுக்கு முக்கியமான எண் ஈஆர்ஏ. ஒன்பது இன்னிங்ஸுக்கு சராசரியாக எத்தனை ரன் விட்டுக்கொடுத்தார் என்ற கணக்கு. குறைவாக இருந்தால் நல்லது. 'அந்த காலேஜ் பிட்சர்களோட ஈஆர்ஏ 6-க்கு மேல, அங்க பிட்சிங் கோச் சரியில்ல' என்று பேசுவதைக் கேட்கலாம்.

விமானப்படை அகாடமி மைதானம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. நியூ மெக்சிகோ பல்கலை இருக்கும் ஆல்பகர்க்கி 5,000 அடிக்கும் மேல். உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு. அடித்த பந்து அதிக தூரம் பறக்கும், வளைய வேண்டிய பந்து சரியாக வளையாது. அங்கே ஈஆர்ஏ 6 என்பதும் கலிபோர்னியாக் கடற்கரையோரம் ஈஆர்ஏ 6 என்பதும் ஒன்றல்ல.

இதைச் சரிசெய்ய எளிய வழி உண்டு. ஒரு அணியின் உள்ளூர் ஆட்டங்களில் இரு அணிகளும் சேர்ந்து எடுத்த சராசரி ரன்னை, வெளியூர் ஆட்டங்களின் சராசரியால் வகுக்க வேண்டும். உள்ளூரில் 15, வெளியூரில் 12 என்றால் விடை 1.25. அதாவது அந்த மைதானம் ரன்களை 25 சதவீதம் ஊதிப் பெருக்குகிறது. மூன்று, நான்கு சீசன்களைச் சேர்த்துக் கணக்கிட்டால் இன்னும் நம்பகமாக இருக்கும்.

ரன்னை விட்டுவிட்டு, பிட்சரின் கையில் நேரடியாக இருக்கும் விஷயங்களைப் பார்ப்பது இன்னும் நல்லது. எத்தனை ஸ்டிரைக்அவுட், எத்தனை வாக். ஒரே பிட்சர் முதலாம் ஆண்டிலிருந்து மூன்றாம் ஆண்டுக்குப் போகும்போது ஸ்டிரைக்அவுட் விகிதம் ஏறியதா, வாக் விகிதம் இறங்கியதா? ஒரு கல்லூரியில் பத்துப் பதினைந்து பிட்சர்களுக்கு இதைப் பார்த்தால், அங்கே பையன்கள் முன்னேறுகிறார்களா தேங்குகிறார்களா என்பது தெரிந்துவிடும். பேட்டர்களுக்கும் இதே முறைதான். ஆனால் ஒரே ஒருவரை வைத்து முடிவு கட்டக் கூடாது. 200 முறை பேட் பிடித்த ஒருவரின் சராசரி, அதிர்ஷ்டத்தால் மட்டுமே .300-லிருந்து .270-க்கோ .330-க்கோ போகலாம்.

அப்போ எதைத்தான் பார்ப்பது?

மூன்றே கேள்விகள்.

ஒன்று: முதலாம் ஆண்டு மாணவர்கள் ஆடுகிறார்களா?

ஒரு அணி ஒரு சீசனில் சுமார் 500 இன்னிங்ஸ் பந்து எறிய வேண்டியிருக்கும். கல்லூரி இணையதளத்தில் ஒவ்வொரு வீரரின் வகுப்பும் புள்ளிவிவரமும் இருக்கும். முதலாம் ஆண்டு மாணவர்கள் எறிந்த இன்னிங்ஸை மட்டும் கூட்டிப் பாருங்கள். ஒரு கல்லூரியில் 40, இன்னொரு கல்லூரியில் 125 என்று வருகிறது என வைத்துக்கொள்வோம். முதல் கல்லூரியில் 8 சதவீதம், இரண்டாவதில் 25 சதவீதம். 'வந்த முதல் வருஷமே வாய்ப்பு கிடைக்கும்' என்று இரண்டு கோச்சுகளும் சொல்லியிருப்பார்கள். யார் சொன்னது நடக்கிறது என்பது இப்போது தெரிந்துவிட்டது.

இரண்டு: வந்தவர்கள் தங்குகிறார்களா?

இதுதான் இருப்பதிலேயே வலுவான சோதனை. அரை மணி நேரம் போதும். மூன்று வருடங்களுக்கு முந்தைய அணிப் பட்டியலை எடுங்கள். அதில் முதலாம் ஆண்டு மாணவர்களின் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். இந்த வருடப் பட்டியலில் எத்தனை பெயர் இருக்கிறது என்று டிக் அடியுங்கள். காணாமல் போனவர்களில் டிராஃப்டில் போனவர் யார், வேறு கல்லூரிக்கு மாறியவர் யார், ஆட்டத்தையே விட்டவர் யார் என்று பிரித்துக்கொள்ளுங்கள். 12 பேர் வந்து 9 பேர் இருந்தால் ஒரு கதை. 14 பேர் வந்து 3 பேர் இருந்தால் கதையே வேறு.

அதே பட்டியலில் 'முந்தைய கல்லூரி' என்ற ஒரு பத்தியும் பெரும்பாலும் இருக்கும். அதில் பாதிப் பேருக்கு வேறு கல்லூரியின் பெயர் இருந்தால், அந்த கோச் பள்ளி மாணவர்களை நம்பி அணி கட்டவில்லை என்று அர்த்தம். அது குற்றம் அல்ல. அவரது வேலை ஜெயிப்பது. ஆனால் பள்ளியிலிருந்து வரும் பையனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட கல்லூரிதான் வேண்டுமென்றால், முதலில் இரண்டாண்டு ஜூனியர் கல்லூரியில் ஆடிவிட்டுப் போவது நல்ல வழியாக இருக்கலாம். அந்த வழியைக் கேவலமாகப் பார்க்கத் தேவையில்லை. ஆல்பர்ட் பூஹோல்ஸும் பிரைஸ் ஹார்ப்பரும் ஜூனியர் கல்லூரியிலிருந்து வந்தவர்கள்தான்.

மூன்று: கையிலிருந்து எவ்வளவு போகும்?

'40 சதவீத ஸ்காலர்ஷிப்' என்றால் காதுக்கு இனிக்கும். எதில் 40 சதவீதம்? ஆண்டுக்கு 60 ஆயிரம் டாலர் செலவாகும் தனியார் கல்லூரியில் 40 சதவீதம் கழித்தால் கட்ட வேண்டியது 36 ஆயிரம். 28 ஆயிரம் செலவாகும் சொந்த மாநில அரசுப் பல்கலையில் 25 சதவீதம்தான் கிடைத்தாலும் கட்ட வேண்டியது 21 ஆயிரம். சதவீதத்தைப் பார்த்து மயங்கினால் நான்கு வருடத்தில் 60 ஆயிரம் டாலர் அதிகம் போகும்.

அமெரிக்கக் கல்வித் துறை நடத்தும் 'காலேஜ் ஸ்கோர்கார்டு' தளத்தில், குடும்ப வருமானத்துக்கு ஏற்ப மாணவர்கள் சராசரியாக உண்மையில் கட்டும் தொகை கல்லூரி வாரியாக இருக்கிறது. படித்து முடித்தவர்களின் கடன், வருமானம் எல்லாமும் உண்டு. ஒரு எச்சரிக்கை: அரசுப் பல்கலைகளுக்கு அங்கே காட்டும் தொகை சொந்த மாநில மாணவர்களுக்கானது. வெளிமாநிலத்துப் பையனுக்கு அது பொருந்தாது.

டிவிஷன் 3 கல்லூரிகளில் விளையாட்டு உதவித்தொகையே கிடையாது. ஐவி லீக் பல்கலைகளிலும் அப்படித்தான். ஆனால் குடும்ப வருமானத்தை வைத்துத் தரும் உதவி சில இடங்களில் தாராளமாக இருக்கும். ஸ்காலர்ஷிப் பூஜ்யம் என்று போடப்பட்ட கல்லூரி கடைசியில் மலிவாக முடிவதும் உண்டு.

60 பேர் அணியில் 9 பேர் ஆட்டம்

பலர் பேசாத ஒரு விஷயம் இது. 34 பேர் என்ற உச்சவரம்பு எல்லாக் கல்லூரிக்கும் இல்லை. மாணவர் சேர்க்கை குறைந்து தவிக்கும் சில சிறிய தனியார் கல்லூரிகளுக்கு விளையாட்டு அணி என்பது ஒரு சேர்க்கை உத்தி. பேஸ்பால் அணியில் 50, 60 பேரைச் சேர்த்துக்கொண்டால் அத்தனை பேரும் கட்டணம் கட்டும் மாணவர்கள். களத்தில் இறங்குவது ஒரே நேரத்தில் ஒன்பது பேர். மீதிப் பேர் 'கல்லூரி பேஸ்பால் வீரர்' என்ற பெயருக்காகப் பணம் கட்டுகிறார்கள்.

இதையும் கண்டுபிடிக்கலாம். விளையாட்டில் ஆண்–பெண் சமத்துவம் பற்றிய தகவல்களைக் கல்லூரிகள் ஆண்டுதோறும் கல்வித் துறைக்குக் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் இருக்கிறது. அந்தத் தரவில் ஒவ்வொரு கல்லூரியின் பேஸ்பால் அணியில் எத்தனை பேர், எவ்வளவு செலவு என்பதெல்லாம் பதிவாகிறது. யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். ஆள் எண்ணிக்கை ஒரு பக்கம் வீங்கி, ஆளுக்கான செலவு இன்னொரு பக்கம் சுருங்கியிருந்தால், அந்தக் கல்லூரிக்குத் தேவை வீரரா, கட்டணமா என்று யோசிக்க வேண்டும்.

படிப்பு எண்களில் ஒரு நுணுக்கம்

கல்லூரியில் ஆடுபவர்களில் மிகப் பெரும்பாலானோர் தொழில்முறை வீரர் ஆகப் போவதில்லை. எனவே பட்டம் கிடைக்குமா என்பதுதான் அடிப்படைக் கேள்வி. இதற்கு இரண்டு எண்கள் சொல்வார்கள். ஒன்று மத்திய அரசின் பட்டம் பெறும் விகிதம். இன்னொன்று என்சிஏஏவின் ஜிஎஸ்ஆர். இரண்டாவது எப்போதும் அழகாக இருக்கும். காரணம், நல்ல மதிப்பெண்ணோடு வேறு கல்லூரிக்குப் போனவரை அரசுக் கணக்கு 'முடிக்காதவர்' என்று எழுதும். ஜிஎஸ்ஆர் அவரைக் கணக்கிலிருந்தே எடுத்துவிடும். ஒன்று கல்லூரியைக் கூடுதலாகத் தண்டிக்கிறது, மற்றது கூடுதலாக மன்னிக்கிறது. இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால், அங்கிருந்து நிறையப் பேர் வெளியேறுகிறார்கள் என்று அர்த்தம். அந்த இடைவெளியே ஒரு தகவல்தான்.

எண்ணில் அகப்படாதவை

'எல்லாத்தையும் எக்செல்ல போட முடியுமா? கோச்சோட குணம்னு ஒண்ணு இருக்கே' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பையன் தோற்றுத் துவண்டு நிற்கும்போது தோளில் கை போடும் கோச்சை எந்த எண்ணும் காட்டாது.

ஆனால் அந்த கோச் அங்கேயே இருப்பாரா? 2024 ஜூனில் டெக்சஸ் ஏ அண்ட் எம் அணி தேசிய இறுதிப் போட்டியில் டென்னசியிடம் தோற்றது. மறுநாளே அதன் தலைமைப் பயிற்சியாளர் ஜிம் ஷ்லாஸ்நேகல், பரம எதிரியான டெக்சஸ் பல்கலைக்குப் போனார். அந்தக் கோப்பையை ஜெயித்த டென்னசி கோச் டோனி விடெல்லோவும் 2025 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோ ஜெயன்ட்ஸ் அணியின் மேலாளராகிவிட்டார். இருவரும் விதி எதையும் மீறவில்லை. ஆனால் அவர்களை நம்பிக் கையெழுத்துப் போட்ட பையன்கள் அங்கேயே நின்றார்கள். கோச்சின் குணத்தை நம்பிப் போகிறவர், அந்தக் குணம் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகலாம் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

காயம் இன்னொரு இருட்டு மூலை. முழங்கைத் தசைநாரைச் சரிசெய்யும் 'டாமி ஜான்' அறுவை சிகிச்சை 1974-ல் முதன்முதலாக நடந்தபோது அதிசயம். இன்று இளம் பிட்சர்களிடமும் சகஜம். ஒரு கல்லூரியில் கடந்த ஐந்து வருடத்தில் எத்தனை பிட்சர்களுக்கு அந்த அறுவை நடந்தது என்பதை எந்தக் கல்லூரியும் பலகையில் எழுதி வைப்பதில்லை. ஒரு சீசன் முழுக்க ஆடாமல் பட்டியலில் மட்டும் இருக்கும் பிட்சர்களை எண்ணினால் ஓரளவு ஊகிக்கலாம். ஊகம்தான், நிரூபணம் அல்ல. நேரில் போகும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்.

யார் பொறுப்பு?

இங்கே ஒரு நெருடல் இருக்கிறது. இத்தனை தளங்களில் தேடி, இத்தனை பட்டியல்களை ஒப்பிட்டு, இத்தனை கழித்தல் வகுத்தல் போடக்கூடிய குடும்பம் எது? அப்பாவோ அம்மாவோ படித்தவராக, நேரம் இருப்பவராக இருக்கும் குடும்பம். இல்லையென்றால் ஆலோசகருக்குப் பணம் கட்டக்கூடிய குடும்பம். இரண்டு வேலை பார்க்கும் ஒற்றைத் தாயின் பையனுக்கு கோச்சின் வார்த்தையை விட்டால் வேறு ஆதாரம் இல்லை. தரவு பொதுவில் இருப்பது வேறு, எல்லோருக்கும் எட்டுவது வேறு.

அதனால் 'குடும்பங்கள் விழிப்போடு இருக்க வேண்டும்' என்ற அறிவுரையோடு நிறுத்துவது நியாயமில்லை. டிவிஷன் 1 கோச்சுகள் பதினோராம் வகுப்புக்கு முந்தைய ஆகஸ்ட் 1 வரை பையனிடம் நேரடியாகப் பேசக் கூடாது என்று என்சிஏஏ விதி வைத்திருக்கிறது. அதே போல இன்னொரு விதியும் வைக்கலாம்: உதவித்தொகை ஒப்பந்தத்தை நீட்டும் முன், ஒரு பக்கத் தாள் ஒன்றைக் குடும்பத்தின் கையில் கொடுத்தாக வேண்டும். கடந்த ஐந்து வருடத்தில் பள்ளியிலிருந்து சேர்ந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் தங்கியவர்கள் எத்தனை பேர், பட்டம் வாங்கியவர்கள் எத்தனை பேர், முதலாம் ஆண்டில் களம் கண்டவர்கள் எத்தனை பேர், அறுவை சிகிச்சைக்குப் போனவர்கள் எத்தனை பேர். ஐந்தே எண்கள். கல்லூரியிடம் இவை ஏற்கெனவே இருக்கின்றன. புதிதாகத் தயாரிக்க வேண்டியதில்லை.

மாணவரின் ஒவ்வொரு நொடியையும் அளந்து வைத்திருக்கும் கல்லூரி, தன்னைப் பற்றிய ஐந்து எண்களைச் சொல்ல ஏன் தயங்க வேண்டும்? அந்தத் தாள் வரும் வரைக்கும், பழைய அணிப் பட்டியலும் ஒரு பேனாவும் அரை மணி நேரமும் போதும். மூன்று வருடத்துக்கு முன் வந்தவர்களில் இன்று இருப்பவர் யார் என்று டிக் அடித்துப் பார்த்த பிறகு கோச்சிடம் பேசுங்கள். அதே கோச்தான் பேசுவார், ஆனால் இந்த முறை கேட்க வேண்டிய கேள்விகள் உங்கள் கையில் இருக்கும்.